மாட்டுத் தொழுவமும் சாக்கடையும் ஒன்றல்ல

நகரத்துக் குழந்தைக்கு ஆஸ்துமா வருவது அளவுக்கு மீறிய சுத்தத்தால். கிராமத்துக் குழந்தைக்கு வராதது அது மண்ணில் புரண்டு வளர்வதால். இக்கூற்று இன்று நாளிதழ் இணைப்புகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் மட்டுமன்றிக் கருத்தரங்க மேடைகளிலும் ஒலிக்கிறது. நவீனத்துவத்தை விமர்சிக்கும் ஆய்வாளர் இதைச் சான்றாக எடுத்தாள்கிறார்; மரபைப் போற்றுபவர் 'முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்று பெருமிதம் கொள்கிறார். இருவரும் அடியில் வைத்துக்கொள்ளும் அறிவியல் ஒன்றே: பண்ணைச் சூழலில் பிறந்து வளரும் குழந்தைகளிடம் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் குறைவாகக் காணப்படுகின்றன என்னும் ஆய்வு முடிவு.

அந்த முடிவு உண்மையானது. கால் நூற்றாண்டாக வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு குழுக்கள் சோதித்து உறுதிசெய்தது. ஆனால் அதிலிருந்து 'அழுக்கு நல்லது' என்ற முடிவு பெறப்படுவதில்லை. 'கிராமம் நல்லது' என்பதும் பெறப்படுவதில்லை. 'சுத்தம் கெடுதி' என்பது அறவே பெறப்படுவதில்லை. இம்மூன்றையும் ஆய்வின் மீது ஏற்றிவைத்தது ஒரு பெயர். அப்பெயரை ஆராயாமல் மொழிபெயர்த்துப் பரப்பிய அறிவுலகத்துக்கு அதில் பொறுப்பு உண்டு.

இத்துறையின் வரலாற்றில் தவறான பெயர் இதுவே முதலாவதன்று. ஆங்கிலத்தில் 'ஹே ஃபீவர்' எனப்படும் நோயைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'வைக்கோல் காய்ச்சல்' என்று எழுதுவோர் தமிழில் உண்டு. அந்நோயில் காய்ச்சல் இல்லை. அதற்குக் காரணம் வைக்கோலும் இல்லை. புல்லின் மகரந்தம் மூக்கிலும் கண்ணிலும் பட்டு எழும் ஒவ்வாமை அது. மான்செஸ்டரைச் சேர்ந்த மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தாமே அந்நோயால் அவதியுற்றவர். தம் உடலையே சோதனைக்களமாக்கி மகரந்தமே காரணம் என்று காட்டி 1873இல் நூல் வெளியிட்டார். அந்நூலிலேயே ஒரு புதிரையும் குறித்தார். மகரந்தத்தின் நடுவில் நாள்முழுதும் உழலும் உழவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வருகிறது. படித்த மேல்தட்டினருக்கே மிகுதியாக வருகிறது. பண்ணை விளைவு பற்றிய முதல் குறிப்புகளுள் ஒன்று என இதனைக் கொள்ளலாம்.

'வைக்கோல் காய்ச்சல்' என்ற தவறான பெயரால் பெரிய தீங்கு விளையவில்லை. இரண்டாவது பெயரின் கதை வேறு. 1989இல் டேவிட் ஸ்ட்ராகன் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்து 23 வயது வரை பின்தொடரப்பட்ட 17,414 பேரின் தரவு அதன் அடிப்படை. மூத்த உடன்பிறப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட மகரந்த ஒவ்வாமை குறைகிறது என்பது அவர் கண்டது. இளமையில் அண்ணன் அக்காவிடமிருந்து தொற்றும் நோய்கள் பாதுகாப்பளிக்கலாம் என்பதும், குடும்பம் சுருங்கித் தூய்மைத்தரம் உயர்ந்தது அத்தொற்றுகளைக் குறைத்திருக்கலாம் என்பதும் அவர் முன்வைத்த ஊகங்கள். கட்டுரைத் தலைப்பில் நோயின் பெயர், 'ஹைஜீன்', 'ஹவுஸ்ஹோல்டு' என மூன்று சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்கின. மோனை நின்றது, நடுச்சொல் தனியே பிரிந்து 'ஹைஜீன் கருதுகோள்' ஆயிற்று. தமிழில் அது 'சுகாதாரக் கருதுகோள்' என்றும் 'தூய்மைக் கருதுகோள்' என்றும் வந்து சேர்ந்தது.

அக்கட்டுரையில் எண்ணப்பட்டவை உடன்பிறப்புகள். யார் எத்தனை முறை கை கழுவினார், யார் வீட்டுத் தரை எவ்வளவு பளபளத்தது என்பது அளக்கப்படவில்லை. பின்வந்த ஆய்வுகளும் தொற்று பற்றிய ஊகத்துக்குத் துணைநிற்கவில்லை. தட்டம்மை போன்ற குழந்தைப்பருவ நோய்கள் ஒவ்வாமையைத் தடுப்பதற்கு ஒருசீரான சான்று கிடைக்கவில்லை. மாறாக, சளியைத் தரும் ரைனோ வைரஸும் சுவாசப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸும் கைக்குழந்தைக்குக் கடுமையான இரைப்பை ஏற்படுத்தினால், பின்னாளில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு மிகுகிறது.

பண்ணை ஆய்வுகள் வேறொரு தடத்தில் வளர்ந்தவை. பெர்லின் சுவர் விழுந்தபின் எரிகா ஃபான் மூட்டியஸ் கிழக்கு, மேற்கு ஜெர்மானியக் குழந்தைகளை ஒப்பிட்டார். நிலக்கரிப் புகையில் மூழ்கிய லைப்சிக், ஹாலே நகரங்களில் ஆஸ்துமா மிகுந்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. அங்கே மூச்சுக்குழல் அழற்சிதான் மிகுந்திருந்தது. ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் தூய காற்றுடைய மியூனிக்கில் மிகுந்திருந்தன. காற்று மாசு ஆஸ்துமாவுக்கு நல்லது என்று இதிலிருந்து எவரும் முடிவுகட்டவில்லை. மாசுக்கு அப்பால் ஏதோ ஒன்று செயல்படுகிறது என்ற வினாவே எழுந்தது. அவ்வினா சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, தென்ஜெர்மனி ஆகியவற்றின் ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்களுக்கு ஆய்வாளர்களை இட்டுச்சென்றது.

2001இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, ஒரே ஊர்ப்புறப் பகுதிகளில் வாழ்ந்த பண்ணைக் குழந்தைகளையும் பண்ணை சாராத குழந்தைகளையும் ஒப்பிட்டது. காற்று, பள்ளி, தட்பவெப்பம் ஆகிய கிராமச் சூழல் இரு சாராருக்கும் பொது. வேறுபாடு மாட்டுத் தொழுவத்திலும் பண்ணைப் பாலிலும் இருந்தது. காலமும் தீர்மானகரமாக அமைந்தது. பிறந்த முதல் ஆண்டிலேயே தொழுவத்தோடும் பண்ணைப் பாலோடும் பழகிய குழந்தைகளுள் 1 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா. அதே பழக்கம் ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கியவர்களுள் 11 விழுக்காட்டினருக்கு. மகரந்த ஒவ்வாமை 3க்கு 13. கருவுற்ற காலத்தில் தாய் தொழுவத்தில் வேலைசெய்ததும் குழந்தையின் எதிர்ப்பாற்றலில் தடம் பதிப்பதைப் பின்னைய ஆய்வுகள் காட்டின. கிராமத்தில் வாழ்வதே பாதுகாப்பு என்றால், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அது கிட்டியிருக்க வேண்டும். கிட்டவில்லை.

2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதை மேலும் கூர்மையாக்கியது. அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் சமூகங்கள் இரண்டும் மத்திய ஐரோப்பாவிலிருந்து குடியேறியவை, மரபணுவழி நெருங்கியவை, இரண்டும் உழவை நம்பியவை. பெரிய குடும்பம், நீண்ட தாய்ப்பாலூட்டல், புகையிலைப் புகை இன்மை, வீட்டுக்குள் செல்லப்பிராணிகளை விடாத வழக்கம் ஆகியவை இரண்டுக்கும் பொது. ஆமிஷ் குடும்பங்கள் தத்தம் சிறு பால்பண்ணையைக் குதிரையின் துணையோடு நடத்துகின்றன. ஹட்டரைட்டுகள் இயந்திரமயமான பெரும்பண்ணைகளைக் கூட்டாக நடத்துகின்றனர். முன்னைய கணக்கெடுப்புகளின்படி ஆஸ்துமா ஆமிஷ் பள்ளிக் குழந்தைகளிடம் 5.2 விழுக்காடு, ஹட்டரைட் குழந்தைகளிடம் 21.3 விழுக்காடு. ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியப் புறச்சுவர்ப் பொருளின் இடைநிலை அளவு 6.8 மடங்கு மிகுதி. அத்தூசியை எலிகளின் மூக்கில் செலுத்தியபோது அவை ஒவ்வாமை ஆஸ்துமாவிலிருந்து காக்கப்பட்டன. ஹட்டரைட் வீட்டுத் தூசி அவ்வாறு காக்கவில்லை. நுண்ணுயிர்களை இனங்காணும் இயல்பான எதிர்ப்பாற்றலுக்கு இன்றியமையாத இரு புரதங்கள் நீக்கப்பட்ட எலிகளில் ஆமிஷ் தூசியும் பயன்தரவில்லை.

இவ்வாய்வில் இன்னொரு செய்தி பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுவதில்லை. இரு சமூகங்களிலும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி பெருமளவில் போடப்படுகிறது. இரண்டிலும் காய்ச்சாத பால் உட்கொள்ளப்படுகிறது. ஆதலால் இவ்விரு சமூகங்களுக்கிடையிலான நான்கு மடங்கு வேறுபாட்டைத் தடுப்பூசியைக் கொண்டோ பச்சைப்பாலைக் கொண்டோ விளக்க இயலாது. இன்று இவ்வாய்வுகளின் பெயரால் தடுப்பூசியை ஐயுறுவோரும் பச்சைப்பாலைப் பரிந்துரைப்போரும் அவற்றை முழுமையாகப் படித்திருந்தால் வாய்மூடியிருப்பர்.

ஆகப் பாதுகாப்பளிப்பது ஒரு குறிப்பிட்ட கலவை: கால்நடை, தீவனம், வைக்கோல் ஆகியவற்றிலிருந்து எழும் பன்மைமிக்க நுண்ணுயிர்த் தூசு. அதை மிக இளம் பருவத்தில், நாள்தோறும், மூச்சுவழி பெறுவது. அது வீட்டுக்குள்ளும் வருகிறது. பின்லாந்தில் பண்ணை அல்லாத வீடுகளிலும் பண்ணைவீட்டை ஒத்த நுண்ணுயிர்த் தொகுதி இருந்தால் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என 2019இல் வெளியான ஆய்வு கண்டது. இந்தத் துல்லியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தூசு வேறு, புழுதி வேறு, சாணம் வேறு, அழுக்கு வேறு, கழிவு வேறு என்பது எந்த ஊர்ப்புறப் பாட்டிக்கும் தெரியும். மொழி தெளிவாகப் பிரித்துவைத்திருக்கும் ஐந்து பொருள்களை ஒரே 'அழுக்கு' ஆக்கியது அறிவியல் பரப்புரை. 'தூய்மைக் கருதுகோள்' என்று பெயரிட்டால், அதன் மறுதலையாகக் கேட்பவர் மனத்தில் தோன்றுவது 'அழுக்கு' மட்டுமே.

அளவும் வயதும் மாறினால் அதே பொருள் நஞ்சாகிறது. பஞ்சுத் தூசியிலும் எண்டோடாக்சின் உண்டு. நூற்பாலைகளில் அதை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு 'பிசினோசிஸ்' என்னும் நுரையீரல் நோய் வருகிறது. விடுமுறை முடிந்து ஆலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். கோவை வட்டாரத்து ஆலைத் தொழிலாளியிடம் 'எண்டோடாக்சின் ஆஸ்துமாவைத் தடுக்கும்' என்று எந்தக் கட்டுரையாளரும் சொல்லத் துணியமாட்டார்.

இத்தவறான பெயரால் விளையும் தீங்குகள் மூன்று.

முதலாவது, பால். பண்ணைப் பாலைக் காய்ச்சாமல் பருகிய ஐரோப்பியக் குழந்தைகளிடம் ஆஸ்துமா குறைந்திருந்தது என்பதும், காய்ச்சிய பாலில் அத்தொடர்பு காணப்படவில்லை என்பதும் உண்மை. ஆயினும் அதை ஆராய்ந்தவர்களே பச்சைப்பாலைப் பரிந்துரைக்கவில்லை. புருசெல்லா, மாட்டுக் காசநோய்க் கிருமி, உயிர்கொல்லும் ஈ.கோலை வகைகள் அதில் இருக்கக்கூடும் என்பதே காரணம். மரபின் பெயரால் இங்கே பச்சைப்பாலைப் போற்றுவோர் மரபையும் அறியார். புதுமனை புகுவதற்கே 'பால் காய்ச்சுதல்' என்று பெயர் வைத்த சமூகம் இது. சாணத்தின் கதையும் அவ்வாறே. வாசலில் சாணம் தெளிப்பதை இவ்வாய்வுகள் எவையும் சோதிக்கவில்லை. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் சாணம் பூசும் வழக்கம் இந்நாட்டில் எத்தனையோ சிசுக்களை வில்வாத சன்னிக்குப் பலிகொடுத்தது. தாய்மாருக்குத் தடுப்பூசியும் தூய்மையான பிரசவமும் பரவிய பிறகே அது அடங்கியது. 2015இல்தான் இந்தியாவில் அது ஒழிப்பு நிலையை எட்டியதாக அறிவிக்கப்பட்டது. அங்கே உயிர்காத்தது சுத்தம்.

இரண்டாவது, தாயின் மீது ஏற்றப்படும் பழி. 'வீட்டை ரொம்பச் சுத்தமாக வைத்திருந்தாய், பிள்ளைக்கு மூச்சிரைக்கிறது' என்பது இப்போது உறவினர் வாயில் அறிவியல் மொழியாகவே வருகிறது. நாள்தோறும் தரை துடைத்ததால் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா வந்தது என்று பண்ணை ஆய்வுகள் எவையும் காட்டவில்லை. தொழுவமே இல்லாத அடுக்ககத்தில் தரையைத் துடைக்காமல் விட்டால் பெருகுவது தொழுவத்தின் நுண்ணுயிர்ப் பன்மை ஆகாது. தூசுப்பூச்சியும் கரப்பான் எச்சமுமே பெருகும். இந்திய நகரங்களில் ஒவ்வாமையைத் தூண்டுவனவற்றுள் அவை முன்னிற்பவை.

மூன்றாவதும் கொடியதும், வறுமைக்கு வழங்கப்படும் அறிவியல் சான்றிதழ். 'சேரிக் குழந்தைக்கு எதிர்ப்புச்சக்தி அதிகம்' என்று கூச்சமின்றிச் சொல்லப்படுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளுள் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியுள்ளனர். போதிய உணவின்மையோடு, மலக்கழிவு கலந்த நீரால் மீண்டும் மீண்டும் வரும் குடல்தொற்றும் அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. வேலூர்க் குடிசைப்பகுதிக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வு, ரோட்டா வைரஸ் மிக இளம் வயதிலேயே தொற்றி மீண்டும் மீண்டும் வருவதையும், முந்தைய தொற்றுகள் தந்த பாதுகாப்பு மெக்சிகோவில் கண்டதைவிடக் குறைந்திருந்ததையும் பதிவுசெய்தது. கிருமியோடு பழகினால் உடல் தேறிவிடும் என்ற பொதுநம்பிக்கை அக்குடிசைகளில் பொய்த்தது.

இதில் சாதியை விட்டுவிட்டுப் பேச இயலாது. 'துப்புரவு' என்னும் சொல் இந்நிலத்தில் ஒரு செயலை மட்டும் குறிப்பதில்லை. அதைச் செய்யுமாறு பிறப்பால் விதிக்கப்பட்ட மக்களையும் சேர்த்தே நினைவூட்டுகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டங்கள் 1993இலும் 2013இலும் வந்தன. சாக்கடைக் குழிகளில் மரணம் நிற்கவில்லை. ஆல்ப்ஸ் உழவரின் தொழுவம் அவருக்குச் சொந்தமானது. அதன் தூசு அவர் வீட்டுக்குள் வருகிறது. இங்கே தொழுவம் யாருடையது, அதைக் கூட்டுபவர் யார், அவர் குடியிருப்பின் ஓரத்தில் ஓடுவது எது என்ற கேள்விகளுக்கு விடை வேறு. இவ்வேறுபாட்டை மறைத்து 'அழுக்கு நல்லது' என்று பேசுவது, யாருடைய முற்றத்தில் அழுக்கு குவிகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் தப்பும் வழி.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வரும். எளிய மக்களுக்கு எளிய பெயர் வேண்டும் என்பது ஒன்று. எளிமை வேறு, திரிபு வேறு. 'பண்ணை விளைவு' என்பதும் எளிய பெயரே; அது கண்டதைச் சொல்கிறது, காணாததைச் சொல்லவில்லை. கிரஹாம் ரூக் 2003இல் 'பழைய நண்பர்கள்' என்ற பெயரை முன்வைத்தார்: மனித இனத்தோடு நெடுங்காலம் கூடவந்த தீங்கற்ற நுண்ணுயிர்களை அது சுட்டுகிறது, நோய்க்கிருமியை அன்று. 'ஹைஜீன்' என்ற பெயரையே கைவிடும் காலம் வந்துவிட்டது என 2016இல் அவரும் பிற பொதுச்சுகாதார அறிஞரும் வெளிப்படையாக எழுதினர். இயற்றியவர் உலகமே கைவிட விரும்பும் சொல்லைத் தமிழ்ப் பாடநூலும் கலைச்சொல் பட்டியலும் கட்டிக்காக்க வேண்டியதில்லை.

நவீன நகர வாழ்வைப் பற்றிய விமர்சனம் நியாயமானதுதானே என்பது மற்றொன்று. நியாயமானதே. நுண்ணுயிர்ப் பன்மை சுருங்குவதும், தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் கைக்குழந்தைக்கு வழங்கப்படுவதும், பசுமையற்ற நகரமைப்பும் விமர்சனத்துக்கு உரியவை. ஆனால் ஆல்ப்ஸ் சிற்றூரின் முடிவை இந்தியக் கிராமத்தின் மீது ஒட்டிவைப்பது விமர்சனம் ஆகாது. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் புகை, காய்ந்த வயல்களில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி, தாயின் சோகை, எடை குறைந்த பிறப்பு ஆகியவை பவேரியப் பண்ணைக் குழந்தைக்கு வாய்த்தவை அல்ல. மேலும், வளம் குறைந்த நாடுகளில் குழந்தைகளின் இரைப்புக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பு செல்வ நாடுகளில் உள்ளதைவிடத் தளர்வானது எனப் பன்னாட்டு ஒப்பாய்வுகள் காட்டியுள்ளன. ஒவ்வாமையைத் தடுக்கும் ஒன்று, ஒவ்வாமை சாராத இரைப்பையும் தடுக்கும் என்று கொள்ள இடமில்லை.

'கிராமத்துப் பிள்ளைக்கு ஆஸ்துமா வராது' என்ற நம்பிக்கையின் விலையைக் கொடுப்பவர் குழந்தைகளே. இந்தியாவின் ஒன்பது மையங்களில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இரைப்பு உள்ளவர்களுள் 82 விழுக்காட்டினருக்கு அது ஆஸ்துமா என மருத்துவர் கண்டறிந்து சொல்லவே இல்லை. கடுமையான அறிகுறி உடையவர்களிலும் 70 விழுக்காட்டினரின் நிலை அதுவே. அவர்களுள் ஸ்டீராய்டு இன்ஹேலரை நாள்தோறும் பயன்படுத்துவோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. உலக ஆஸ்துமா நோயாளிகளுள் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியர். ஆஸ்துமா மரணங்களிலோ ஐந்தில் இரண்டு இங்கே நிகழ்கின்றன. நோய் அரிது என்று எண்ணும் சமூகம் அதைத் தேடுவதில்லை.

இங்கும் பெயரே சிக்கல். தமிழ்நாட்டில் பெற்றோர் கேட்பது 'வீசிங்', 'நெஞ்சுச்சளி', 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' போன்ற சொற்களை; 'ஆஸ்துமா' என்ற சொல்லைக் கேட்டால் பெண்பிள்ளையின் திருமணம் தடைப்படும் என்ற அச்சம் வருகிறது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சம் அதனோடு சேர்கிறது. இரைப்பு, இழுப்பு, ஈளை என மூன்று சொற்களை வைத்திருந்த மொழியில் நோய்க்குப் பெயர் சொல்லாமலே மருந்துச்சீட்டு எழுதப்படுகிறது. இந்நிலையில், தெருவில் விளையாடினால் சரியாகிவிடும் என்று கற்றவரும் சேர்ந்து சொல்வது, நள்ளிரவில் மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையிடமிருந்து மருந்தைத் தட்டிப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

பண்ணை விளைவு ஆராய்ச்சி அழகிய அறிவியல். தொழுவத்துத் தூசியில் காக்கும் பொருள் எது என்று பிரித்தறிந்து, அதைப் பாதுகாப்பான வடிவில் ஒவ்வொரு குழந்தைக்கும் வழங்குவதே அதன் நோக்கம். தொழுவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி. அந்நோக்கத்துக்கு உரிய மரியாதை, அதைச் சரியாகச் சொல்வது. வகுப்பறையில் இதைக் கற்பிப்போர் 'தூய்மைக் கருதுகோள்' என்ற தொடரை வரலாற்றுக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, 'பண்ணை விளைவு' என்றே கற்பிக்கட்டும். மொழிபெயர்ப்போர் 'அழுக்கு' என்று எழுதுமுன் மூலத்தில் இருப்பது தூசா, சாணமா, கழிவா என்று பார்க்கட்டும். மேடையில் இதை மேற்கோள் காட்டுவோர் எந்த ஊர், எந்த வயது, எந்தத் தொழுவம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அம்மூன்றையும் சொல்ல இயலாதவர் இவ்வாய்வைத் தம் கட்சிக்குச் சாட்சியாக அழைக்காதிருப்பதே நேர்மை.